சொந்த செலவில் சூனியம்

மக்களே, இது கொஞ்சம் காரமான பதிவு. தங்கமணி வேண்டாம்னுதான் சொன்னாங்க. "எல்லாரும் நம்ம அப்பார்ட்மென்ட்காரங்க, நாளைக்கு லிஃப்ட்ல மூஞ்சியில முழிக்கணும்"னு. நாம இருக்கிறது ரெண்டாவது மாடிதானே, படியில போயிக்கறேன்.

மைசூருக்கு மாற்றலாகி வந்து 6 வருஷம் ஆச்சு. எங்க கிளப் ஹவுஸ்ல ஒரு பூல் டேபிள் இருக்கு. எட்டடிக்கு நாலடி. துணி ஒரு ஓரத்துல கிழிஞ்சு, பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கும். சாயங்காலமானா பசங்க கூட்டம் அங்கதான். போன மாசம் எங்க தமிழ்க் குடும்பங்களோட வாட்ஸப் குழுவுல ஒரு பெரியவர் எழுதினார். பிள்ளைகள் அந்த மேஜையில் பேசும் தமிழைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லையாம். 'சொதப்பிட்டான்', 'ஆப்பு வெச்சுட்டான்', 'ஊத்திக்கிச்சு' எல்லாம் என்ன தமிழாம். இதற்கு அவர்கள் ஆங்கிலத்திலேயே பேசிக்கொள்ளலாமாம். 11 பேர் கட்டைவிரலைத் தூக்கிட்டாங்க.

எனக்கு அந்தக் கடைசி வரிதான் பிரச்சினை. நல்ல தமிழ் பேசலைன்னா தமிழே வேண்டாம்ங்கிற அந்த மனசு. இந்த மனசு மைசூர்ல மட்டும் இல்ல. சிங்கப்பூர், நியூ ஜெர்சி, டொரண்டோன்னு நம்மாளு எங்கெல்லாம் பெட்டியைத் தூக்கிட்டுப் போனானோ அங்கெல்லாம் பெட்டிக்குள்ள இதையும் மடிச்சு வெச்சுக்கிட்டுதான் போயிருக்கான்.

முதல்ல அந்த மேஜையில பசங்க என்னதான் பேசறாங்கன்னு பாத்துடுவோம். கேக்காமலே தீர்ப்பு சொன்னவங்களுக்காகத்தான் இந்தப் பகுதி.

வெள்ளைப் பந்து இருக்கே, நாம குச்சியால அடிக்கிறது, அது மத்த பந்தைத் தள்ளிட்டுத் தானும் போய் குழிக்குள்ள விழுந்துடும். அமெரிக்காக்காரன் இதை 'ஸ்க்ராட்ச்'ம்பான். ஸ்னூக்கர் ஆடற இங்கிலீஷ்காரன் 'இன் ஆஃப்'ம்பான். ஸ்னூக்கர்ல குறைஞ்சது 4 பாயிண்ட் எதிராளி கணக்குல வரவாகும். கறுப்புப் பந்தை அடிக்கப் போய் இப்படி ஆனா 7. எங்க பசங்க இதுக்கு வெச்சிருக்கிற பேரு 'சொந்த செலவுல சூனியம்'. அடிச்சதும் நீ, குழியைத் தேடிக்கிட்டதும் நீ, அபராதமும் உனக்கு. பி.காம் படிச்சவன் நான், சொல்றேன் கேளுங்க. பற்று வரவு ரெண்டு பக்கமும் டேலி ஆகற வர்ணனை இது. 'இன் ஆஃப்'ல என்ன இருக்கு, சொல்லுங்க?

குறி வெச்சது ஒரு பந்து, விழுந்தது வேற பந்து. அது 'காக்கா'. காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதை முழுசும் சுருங்கி ஒரே வார்த்தையாகி, பந்து விழுந்த அடுத்த நொடி நாலு பக்கத்துலேருந்தும் "காக்கா!"னு கத்தல். இதுல ஒரு கூத்து. எதிர் பிளாக் கன்னடப் பையனுக்குக் குழப்பம். கன்னடத்துல 'காகே ஹாரிஸோது', அதாவது காக்கா பறக்க விடறதுன்னா புருடா விடறது. அவன் நாங்க எதோ புளுகைக் கண்டுபிடிச்சுட்டோம்னு நெனச்சிருக்கான். நம்ம ஊர்ல காக்கா பிடிக்கிறதுன்னா மேனேஜர்கிட்ட வழியறது. ஒரே காக்கா, மூணு வேலை. இதை விளக்கிச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள என் பையன் ரெண்டு பாஷையிலயும் அரை மணி நேரம் பேசிட்டான். எந்த டியூஷன்ல நடக்கும் இது?

அதே அதிர்ஷ்ட அடிக்கு ஆங்கிலத்துல 'ஃப்ளூக்'. இன்னிக்குக் கோட் சூட் போட்டவங்க மீட்டிங்ல சொல்ற வார்த்தை. அது 1850கள்ல எழுத்துல தலை காட்டினதே பில்லியர்ட்ஸ் மேஜை பேச்சாத்தான். மேஜையைச் சுத்தி நின்னு கிண்டலடிச்சவங்க வாயிலேருந்து வந்தது. அதை உங்க பிள்ளை சொன்னா 'வொகாபுலரி', காக்கான்னு சொன்னா ரவுடிப் பேச்சு. என்ன கணக்குங்க இது?

இன்னும் இருக்கு. வெள்ளைப் பந்து மத்த பந்துக்குப் பின்னால மாட்டிக்கிட்டா 'முட்டுச்சந்து'. மாட்டி விட்டவன் வெச்சது 'ஆப்பு'. குச்சி நுனி வழுக்கி 'டிக்'னு சத்தம் மட்டும் வந்து பந்து ரெண்டு அங்குலம் உருண்டா 'புஸ்வாணம்'. குழி வாசல்ல நிக்கிற பந்தை விட்டவனுக்கு 'கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல'. டிவியில பாத்த மாதிரி பந்தைப் பின்னுக்கு இழுத்துக் காட்டறேன்னு குச்சியைச் சாய்ச்சு அடிச்சு, பந்து எகிறி சோபாவுக்கு அடியில போனா 'பிள்ளையார் பிடிக்கக் குரங்கு'. மேஜை சரியில்ல, துணி கிழிஞ்சிருக்குன்னு சாக்கு சொன்னா 'ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்'. இதுக்குக் கன்னடப் பசங்ககிட்ட ஜோடி தயாரா இருந்தது: 'குணியலாரதவளு நெல டொங்கு அந்தளந்தெ'. குதிக்கத் தெரியாதவ தரை கோணல்னாளாம். ரெண்டு கிழவிங்களும் ஒரே திண்ணையில உக்காந்து பேசியிருப்பாங்க போல.

(குஷன்ல மோதித் திரும்பி வந்து விழற அடிக்கு ஆங்கிலத்துல 'பேங்க் ஷாட்'னு பேரு. 20 வருஷமா பேங்க்ல இருக்கேன், எனக்கு அது மட்டும் வரவே மாட்டேங்குது. பந்து பக்கவாட்டுல சுழலறதுக்கு அமெரிக்காவுல 'இங்கிலீஷ்'னே பேரு. பெரியவர் ஆசைப்பட்ட மாதிரி பசங்க பந்துக்கு இங்கிலீஷ் கொடுக்கட்டும். வாய்க்கு எதுக்கு?)

மேலே சொன்னதுல பாதி பழமொழிங்க. அதே பழமொழியை மேடையில மைக் முன்னாடி சொன்னா பரிசுக்கு எவர்சில்வர் டம்ளர் கொடுக்கறோம். பந்தைப் பாத்துச் சொன்னா கெட்ட பேச்சு. பசங்க பழமொழியை அது பொறந்த வேலைக்கே பயன்படுத்தறாங்க. ஒருத்தன் சொதப்பும்போது அவனை வாரறதுக்குத்தான் அதெல்லாம் பொறந்தது.

சரி, இப்ப ஊட்டிக்குப் போவோம். மைசூர்லேருந்து 125 கிலோமீட்டர் வாக்குல. நஞ்சன்கூடு, குண்டுலுபேட்டை, பந்திப்பூர் காடு தாண்டினா முதுமலை. (ராத்திரி 9 மணிக்கு மேல காட்டு ரோட்டுல வண்டி விட மாட்டாங்க, பாத்துக் கிளம்புங்க.) அந்த ஊட்டி கிளப்ல ஒரு பில்லியர்ட்ஸ் அறை இருக்கு. ஸ்னூக்கர் விளையாட்டோட விதிகளை முதன்முதலா எழுதி மாட்டின இடம் அதுதான்னு சொல்லிப் பெருமையா வெச்சிருக்காங்க. 1882.

ஆனா விளையாட்டு பொறந்தது அதுக்கு முன்னாடி, 1875ல, ஜபல்பூர்ல. மழைக்காலத்துல வெளியில போக முடியாம ராணுவ மெஸ்ல பொழுது போக்கிக்கிட்டிருந்த இளம் அதிகாரிங்க. அவங்கள்ல ஒருத்தர் நெவில் சேம்பர்லின். (பின்னாள்ல பிரிட்டன் பிரதமரா இருந்தவர் வேற, அவர் இல்ல இவர்.) அப்ப ஆடிக்கிட்டிருந்த ஆட்டத்துல கலர் பந்துகளைச் சேர்த்துப் புதுசா ஒண்ணு உண்டாக்கினாங்க. பேரு வெக்கல. ஒரு நாள் விருந்தாளியா வந்த ஒரு அதிகாரி, உல்விச் ராணுவப் பள்ளியில முதல் வருஷப் பசங்களை 'ஸ்னூக்கர்'னு கூப்பிடுவாங்கன்னு பேச்சுவாக்குல சொன்னார். நம்ம காலேஜ் பாஷையில சொன்னா புதுசா வந்த கத்துக்குட்டி. கொஞ்ச நேரத்துல ஒருத்தர் குழி ஓரத்துல இருந்த கலர் பந்தைக் கோட்டை விட்டார். சேம்பர்லின் அவரைப் பாத்து நீ சரியான ஸ்னூக்கர்யான்னு கத்தினார். அப்புறம் அந்த ஆளு மனசு நோகக் கூடாதுன்னு, இந்த ஆட்டத்துல நாம எல்லாருமே ஸ்னூக்கர்தான்னு சமாளிச்சார். பேரு ஒட்டிக்கிச்சு. அவரே 1938ல, வயசான காலத்துல, லண்டன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிச் சொன்ன கதை இது. பின்னால அந்த அதிகாரி சென்னை ராணுவத் தளபதி ராபர்ட்ஸ்கிட்ட வேலைக்கு வந்தார். தளபதி கோடைக்கு ஊட்டி போனா இவரும் போவார். ஆட்டமும் கூடவே மலை ஏறிச்சு.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, உலகம் பூரா ஆடற ஒரு ஆட்டத்துக்குப் பேரே ஒருத்தன் சொதப்பினதுக்கு அடிச்ச நக்கல். ராணுவ மெஸ் கிண்டல், நம்ம நீலகிரியில சட்டமா எழுதி மாட்டப்பட்டு, இன்னிக்கு டிக்‌ஷனரியில வினைச்சொல்லாவே இருக்கு. அந்த மெஸ்ல ஒரு பெரியவர் இருந்து "என்ன பேச்சு இது, லத்தீன்லயே பேசிக்கொள்ளுங்கள்"னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?

அடுத்து வர்றது கேரம் போர்டு. நான் பொறந்து வளந்தது திருநெல்வேலிப் பக்கம். எங்க தெருமுனை மன்றத்துல கூம்பு ஷேடு போட்ட பல்பு ஒண்ணு போர்டுக்கு ஒரு முழம் மேலே தொங்கும். போரிக் பவுடர் வாசனை. காய், ரெட், ஃபாலோ, ஃபைன்னு வார்த்தைங்க பாதி இங்கிலீஷ்தான். ஆனா ரெட்டைப் போட்டுட்டு ஃபாலோவைக் கோட்டை விட்டவனுக்கு "தாலி கட்டிட்டு சாப்பாடு போடாம அனுப்பிட்டியேலே"ன்னு ஒரு அண்ணாச்சி சொன்னது எனக்கு இன்னிக்கும் சிரிப்பு. எங்க அம்மா அந்த மன்றத்துப் பக்கம் போகவே விட மாட்டாங்க. 'உருப்படாதவனுங்க ஆடற ஆட்டம்'.

அந்த உருப்படாத ஆட்டத்துலதான் சென்னையோட மரிய இருதயம் ரெண்டு தடவை உலக சாம்பியன் ஆனார், 1996ல அர்ஜுனா விருது வாங்கினார். 2024ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பையில காசிமா 3 தங்கம் அள்ளிக்கிட்டு வந்தாங்க. ஆட்டோ ஓட்டறவர் மகள், வடசென்னைப் பொண்ணு. அப்ப மட்டும் வாட்ஸப்ல எல்லாரும் தமிழன்டான்னு நெஞ்சை நிமித்தினோம். அவங்க வளந்த மாதிரி கேரம் கிளப்ல பேசற பாஷையை நம்ம கிளப் ஹவுஸ்ல பேசினா மட்டும் மூக்கைப் பிடிச்சுக்கறோம். பதக்கம் வேணும், பேச்சு வேணாம். ஊட்டி கிளப்காரன் கிண்டல் சரித்திரம், வண்ணாரப்பேட்டைக் கிண்டல் தரக்குறைவு. இதுக்குப் பேரு தமிழ்ப் பற்று இல்ல. அந்தஸ்துப் பயம். ஊர்லேருந்து தப்பிச்சு வந்துட்டோம், அந்தத் தெருவோட வாசனை பிள்ளை வாயில வரக்கூடாதுங்கிற பயம்.

இப்ப வீட்டுக்குள்ள வருவோம். வெளியூர்ல வளர்ற நம்ம பிள்ளைங்களுக்கு நாம கொடுக்கிற தமிழ் என்ன? ஒரு வாரம் நான் சும்மா காதை மட்டும் தீட்டி வெச்சுக்கிட்டுக் கேட்டேன், எங்க வீட்டையும் சேர்த்து. எழுந்திரு. குளி. சாப்பிடு. ஷூவைக் கழட்டு. படி. போனைக் கீழ வை. தூங்கு. தாத்தாகிட்ட பேசு. அவ்வளவுதான். எல்லாம் ஏவல். பிள்ளை சந்தோஷமா இருக்கும்போது இங்கிலீஷ், சண்டை போடும்போது கன்னடம், பசிச்சா மட்டும் தமிழ். பதினாலு வயசுப் பையனுக்குத் தமிழ்னாலே அப்பா அம்மா அதட்டற பாஷைன்னு ஆயிடுச்சுன்னா, அவன் இருபத்தஞ்சு வயசுல வேற ஊர்ல தனியா வீடு எடுத்துக்கிட்டுப் போகும்போது எதை எடுத்துக்கிட்டுப் போவான்? அதட்டறதுக்கு ஆள் இல்லாத வீட்டுல அந்த பாஷைக்கு என்ன வேலை?

நாம ஒண்ணும் செய்யாம இல்ல. பொங்கலுக்குத் திருக்குறள் ஒப்பித்தல் போட்டி, பேச்சுப் போட்டி, மாறுவேடப் போட்டியில பாரதியார் மீசை. பிள்ளைங்க அர்த்தம் தெரியாம மனப்பாடம் பண்ணி, மூச்சு விடாம ஒப்பிச்சு, இறங்கி வந்ததும் "ஹவ் வாஸ் இட், மாம்?"ங்கும். குறள் வேண்டாம்னு சொல்லல. குறள் மட்டும் போதும்னு நெனக்கிறதைத்தான் சொல்றேன். பேங்க்லயும் பாத்திருக்கேன். தமிழ்நாட்டுக் கிளையில இருந்தப்ப அச்சடிச்சு வர்ற ஃபாரத்துல 'செலுத்துச் சீட்டு'ன்னு இருக்கும், கவுன்ட்டர்ல வர்ற அம்மா "செலான் கொடுங்க சார்"ம்பாங்க. எந்தத் தமிழ் உயிரோட இருக்குன்னு அந்த அம்மாவுக்குத் தெரியும், ஃபாரம் அடிச்சவருக்குத் தெரியாது.

சிங்கப்பூர்ல தமிழ் ஆட்சி மொழி. பள்ளிக்கூடத்துல பாடம். அவங்களே 2005ல பாடத்திட்டத்தை மறுபரிசீலனை பண்ணப்போ, எழுத்துத் தமிழ் மட்டும் போதாது, பேச்சுத் தமிழுக்கும் வகுப்புல இடம் வேணும்னு முடிவுக்கு வந்தாங்க. அதுவும் மரியாதையான, பொதுவான பேச்சுத் தமிழ்தான், நம்ம சூனியம் ரகம் இல்ல. ஆனாலும் ஒரு அரசாங்கமே இறங்கி வந்த இடத்துக்கு நம்ம அப்பார்ட்மென்ட் குழு இன்னும் வரல.

இன்னொண்ணு இருக்கு, நாம யாரும் வெளியில சொல்லிக்கறதில்ல. கர்நாடகத்துல தமிழ் பேசறவனுக்குக் குரலைத் தாழ்த்திப் பேசற பழக்கம் உண்டு. 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தைப் பாத்த பெரியவங்க இங்க இன்னும் இருக்காங்க. 2016 செப்டம்பர்ல பெங்களூர்ல பஸ் எரிஞ்ச அன்னிக்கு, பிள்ளைங்ககிட்ட "வெளியில தமிழ்ல பேசாதே"ன்னு எத்தனை வீட்டுல சொன்னோம்? அந்தப் பயம் நியாயமானது, நான் கிண்டல் பண்ணல. மத்த நாள்ல மைசூர் மாதிரி மரியாதையான ஊர் கெடையாதுன்னும் சொல்லிடறேன். எங்க கிளைக்கு வர்றவங்க என் ஓட்டைக் கன்னடத்தைப் பொறுமையா கேட்டுத் திருத்துவாங்க. ஆனா அந்தப் பயத்துல பொறந்த பழக்கம் பயம் போன பிறகும் நிக்குது. தமிழ் கதவைச் சாத்தினதுக்கு அப்புறம் பேசற பாஷையாயிடுச்சு. அப்படி இருக்கும்போது, எங்க கிளப் ஹவுஸ்ல ஒரு ஞாயித்துக்கிழமை கன்னடப் பையன் ஒருத்தன் வெள்ளைப் பந்தைக் குழியில விட்டுட்டு, தலையில கையை வெச்சுக்கிட்டு, அவனே "சூனியா மகா, சூனியா!"ன்னு கத்தினான். 'மகா'ன்னா இங்க மச்சான் மாதிரி. சுத்தி நின்ன கூட்டத்துல நாலு வீட்டுப் பாஷை இருக்கும். எல்லாரும் சிரிச்சாங்க. நம்ம மொழி இந்த ஊர்ல பொது இடத்துல, சத்தமா, யாரும் யாரையும் முறைக்காம ஒலிச்சது அப்பதான் கேட்டேன். இதை நிறுத்தச் சொல்றாங்க!

எதிர்ப்புல ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். நக்கல் வேற, வசவு வேற. எதிராளியோட அம்மாவை இழுக்கிறது, சாதியைச் சொல்றது, நிறத்தைச் சொல்றது, நடக்க முடியாதவனைக் காட்டறது, இதுக்கெல்லாம் அந்த மேஜையில இடம் கெடையாது. என் பையனுக்கு நான் வெச்ச சட்டம் ஒண்ணே ஒண்ணு: அடியைக் கிண்டல் பண்ணு, ஆளோட பொறப்பைப் பண்ணாதே. ஆனா இந்தச் சட்டத்தை வெச்சு அளந்தா, நாம 'நல்ல தமிழ்'னு சொல்லிக் கொடுக்கிற பழமொழிகள்லயே பாதி தேறாது. பொம்பளைங்களையும் சில சாதிங்களையும் மட்டம் தட்டற எத்தனை பழமொழியைக் கல்யாண வீட்டுப் பந்தியில சர்வ சாதாரணமா எடுத்து விடறோம்? 'புஸ்வாணம்' யாரையும் காயப்படுத்தினதில்ல. வடிகட்டணும்னா ரெண்டு பாத்திரத்துலயும் ஒரே வடிகட்டியைப் போடுங்க.

பூலே கெட்ட ஆட்டம்னு இன்னொரு கோஷ்டி. பக்கத்துப் பெங்களூர்க்காரர் பங்கஜ் அத்வானி 2003லேருந்து இன்னிக்கு வரைக்கும் பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர்ல 25க்கு மேல உலகப் பட்டம் வாங்கியாச்சு. 1958லயே வில்சன் ஜோன்ஸ் பில்லியர்ட்ஸ்ல உலக சாம்பியன் ஆகி, தனிநபர் விளையாட்டுல உலகப் பட்டம் ஜெயிச்ச முதல் இந்தியர்னு பேர் வாங்கினார். இதுக்கு மேல இதுக்கு பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்ல.

குழுவுல நான் பதிலே போடல, தங்கமணி போனைப் பிடுங்கி வெச்சுட்டாங்க. அதான் இங்க கொட்டிட்டேன். இப்ப வேலைக்கு வருவோம். எங்க பசங்ககிட்ட ரெண்டு விஷயத்துக்கு இன்னும் பேரு இல்ல. பந்து குழியோட ரெண்டு தாடையிலயும் இடிச்சு இடிச்சு ஆடிட்டு உள்ள போகாம வெளியவே நின்னுடுமே, அது ஒண்ணு. ஆட்டம் முடியற நேரத்துல 8ஆம் நம்பர் கறுப்புப் பந்து வெள்ளையைக் கூட்டிக்கிட்டு ஜோடியா உள்ள போய், ஜெயிச்சவன் தோத்துப் போவானே, அது இன்னொண்ணு. பையன் ரெண்டாவதுக்கு 'உடன்கட்டை'ன்னான், வேண்டாம்டான்னு சொல்லிட்டேன். மதுரை, கோவை, யாழ்ப்பாணம், வடசென்னை மக்கள் உங்க ஊர் கேரம் போர்டுல, கோலி குண்டுல இந்த மாதிரி நேரத்துல என்ன சொல்வீங்கன்னு பின்னூட்டத்துல போடுங்க. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வந்தா நல்லது. அன்னிக்கு பி பிளாக் பசங்களோட மேட்ச் இருக்கு.